ஒரு சாண் தழும்பு

மனைவி கற்பகவல்லியின் வயிற்றில் நாலே நாலு சின்ன பிளாஸ்திரியைப் பார்த்ததிலிருந்து அய்யாதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருப்பவர். எந்த லோடு வந்தாலும் ஒரு பெட்டியையாவது பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

"பித்தப்பைய இந்த ஓட்டை வழியாவா எடுத்தாக? சும்மா குத்திவிட்டு ஏமாத்திருக்காக."

"வலி போயிருச்சுல்ல, பெறகென்ன?" என்றாள் கற்பகவல்லி.

"அது மாத்திரையில போயிருக்கும். இங்கன பாரு, இதுதான் ஆபரேஷன்!"

சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே ஒரு சாண் தழும்பைக் காட்டினார். முப்பது வருடத்துக்கு முன்னால் மதுரையில் அவருடைய பித்தப்பையை எடுத்த தழும்பு. அந்த டாக்டருக்கு இன்றுவரை தீபாவளி தவறாமல் பட்டாசுப் பெட்டி அனுப்புகிறார்.

தையல் பிரிக்கப் போன அன்று, ஸ்கேனில் காட்டினால்தான் ஆச்சு என்று நின்றார். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா காட்டினார். கற்பகவல்லிக்குப் பித்தப்பை இல்லை.

அப்போதும் அவர் விடவில்லை. "சுத்தமா எடுத்தா எப்படி இருக்கும்னு என் வயித்துல பாருங்க. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா நம்புறேன்."

சட்டையைக் கழற்றிப் படுத்தார். டாக்டரம்மா கருவியை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஐயா, உங்க பித்தப்பை அப்படியே இருக்கு. யாரும் தொடவே இல்ல. உள்ள கல்லும் இருக்கு."

அய்யாதுரை எழுந்திருக்க மறந்து தழும்பைத் தடவிக்கொண்டே கிடந்தார்.

கற்பகவல்லி மெல்லக் கேட்டாள்: "ஏங்க, இந்தத் தீபாவளிக்கு மதுரை டாக்டருக்குப் பெரிய பெட்டியா எடுத்து, வெளிய நல்லா ஒட்டி, உள்ள ஒண்ணும் வைக்காம அனுப்பிருவமா?"