ஓர் ஆள் கூடுதல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓசூர் சிப்காட் பக்கத்து அந்த வாடகை வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். வாசற்படி ஓரம் சால்டரிங் அயனோடு மாதப்பன், கட்டிலில் அவன் மனைவி கெம்பம்மா, ஜன்னலடி ஸ்டூலில் கூட்டாளி அக்பர் பாஷா. மாதப்பன் செய்திருந்த பெட்டி, வாசலில் ஆள் நுழைந்தால் ஒன்று கூட்டும், வெளியேறினால் ஒன்று கழிக்கும். மாதக் கடைசியில் கம்பெனியில் அது சரியாக எண்ணிக் காட்டினால் அவனை மெயின்டனன்சில் நிரந்தரமாக்குவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

பெட்டி சிவப்பாக நாலு என்று காட்டியது.

“பாஷா, வாசல்ல காலை நீட்டி விளையாடுனியா?”

“எனக்கு ரெண்டு கால்தாம்ப்பா. அதுக்குன்னு ரெண்டு ஆளா?”

மூவரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். பெட்டி ஒன்று என்றது. உள்ளே வந்தார்கள். மறுபடி நாலு. மாதப்பனுக்கு முதலில் பாஷா மேல் சந்தேகம், பிறகு பெங்களூரிலிருந்து தபாலில் வரவழைத்த சிப் மேல்.

டீ குடித்துவிட்டு பாஷா கிளம்பியதும் மூன்று ஆனது. ‘தாங்கள் அனுப்பிய சிப் ஓர் ஆளைக் கூடுதலாக எண்ணுகிறது, மாற்றித் தரவும்’ என்று கடைக்காரருக்கு எழுதி மாதப்பன் உறையை ஒட்டினான். செருப்பை மாட்டும்போது, பாஷா போய்விட்டதை மறந்து, பழக்கத்தில், “வாப்பா, போலாம்” என்றான். படி தாண்டி எதிர்ச்சாரித் தபால் பெட்டிக்கு நடந்தான்.

“ஏங்க!” கெம்பம்மா உள்ளேயிருந்து சந்தோஷமாகக் கத்தினாள். “நீங்க போனதும் ரெண்டு காட்டுச்சு. உடனே ஒண்ணு ஆயிருச்சு. நான் ஒருத்திதானே இருக்கேன்? சரியாப் போச்சுங்க!”

பழுது சிப்பில்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பின்னால் திரும்பாமலே, மாதப்பன் கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் தள்ளினான்.