செதில் ஒட்டிய கை

நவோத்தாஸ் மீன்சந்தையில் விடிகிறது. கூரைத் தகரத்தின் இடுக்கில் வழியும் வெளிச்சம் சூரை மீன்களின் முதுகில் நீலமாகக் கிடக்கிறது. வியாபாரம் தொடங்குமுன் எல்லாரும் வட்டமாகக் கைகோர்த்து ஜெபிக்கிறார்கள். கடை போடும் இடத்துக்காகச் சண்டையிட்டுப் பேச்சை நிறுத்திய எர்லிண்டாவும் மிலாக்ரோஸும் இன்று பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மிலாக்ரோஸ் இரண்டு விரலை மட்டும் நீட்டுகிறாள். "முழுக் கையக் குடுத்தா தேஞ்சா போயிருவ?" என்கிறாள் எதிரே நிற்கும் கருவாட்டுக்காரி. செதில் ஒட்டிய, ஐஸில் விறைத்த கை முழுதாக வருகிறது. மன்னிப்பைப் பற்றிய வரி வந்ததும் இருவரும் அதை மட்டும் சொல்லாமல் விட, மற்றவர்கள் சொல்லி முடிக்கிறார்கள். ஆமென். வட்டம் கலைகிறது, தராசுகள் கணகணக்கின்றன. எர்லிண்டா குனிந்த தலையோடு அப்படியே நிற்கிறாள். "கைய விடுடி, ஐஸ் உருகுது," என்கிறாள் மிலாக்ரோஸ். அவளும் விடுவதாயில்லை.