ஆரஞ்சு நிறத் தேதி

"தலையைத் தூக்குடா தங்கம்! இன்னிக்கு நீ பொண்ணு, மறந்துடாதே" என்று நெல்பா தன் மூன்று மாத மகனின் தாடையை நிமிர்த்தினாள். தாதேயோவுக்கு மஞ்சள் லேஸ் தொப்பி மாட்டியிருந்தார்கள். அவன் அதன் நாடாவைக் கடிப்பதிலேயே குறியாக இருந்தான்.

பக்கத்து வீட்டு மிர்த்தா, நெல்பாவின் போனை அவனுக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிச் சுவரில் ஒட்ட, ஒவ்வொரு பிள்ளையும் தன் கைக்குழந்தைப் படத்தைக் கொண்டுவர வேண்டும். மிர்த்தாவின் மகள் டெல்ஃபினாவுக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டு வயதுக்கு முந்தைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

எப்படி இருக்கும்? ஓர் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிதான் இரண்டு வயதுக் குழந்தையாக அவளைக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்துத் தூக்கி வந்தாள் மிர்த்தா. வருஷா வருஷம் அந்த நாளில் கேக் செய்வாள். எதுக்கும்மா என்று மகள் கேட்டால், "சும்மாதான்" என்பாள்.

"பேசாம உண்மையைச் சொல்லிடேன்டி" என்றாள் நெல்பா.

"சொல்லிட்டு? 'அப்போ நீ என் அம்மா இல்லையா'ன்னு கேட்டா நான் எங்கே போய் முட்டிக்கிறது?"

"சரி, அழாதே. என் போன்லயே ஆப் இருக்கு. பழைய பிலிம் கேமரால எடுத்த மாதிரியே வரும். கீறல், தூசி எல்லாம் அதுவே போட்டுக்கும். கீழே ஆரஞ்சு கலர்ல தேதி வரும், வேணுங்கிற தேதியை வச்சுக்கலாம். ஆனா எடுத்ததும் காட்டாது. பிலிமைக் கழுவுற மாதிரி பாவ்லா பண்ணிட்டு நாளைக்குத்தான் குடுக்கும்."

"இவ்வளவு விவரம் எப்போடி கத்துக்கிட்டே?"

நெல்பா குழல் வைத்த குடுவையிலிருந்து மாத்தே தேநீரை ஒரு இழுப்பு உறிஞ்சினாள். பிறகு மகனின் கன்னத்தைக் கிள்ளி, "இந்த வாரம் உனக்குத்தான்டா என்ன மவுசு!" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. பள்ளிச் சீருடையான வெள்ளை அங்கியும் நீல ரிப்பனுமாக டெல்ஃபினா கிளம்பி நின்றாள். மிர்த்தா படத்தை நீட்டினாள்.

"பெட்டியைக் குடைஞ்சப்போ கிடைச்சுது. மாமா பிலிம் கேமரா வச்சிருந்தாரில்ல, அதுல எடுத்தது."

டெல்ஃபினா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது நம்ம தாதேயோ. காதுக்குக் கீழே மச்சம் பாரு."

மிர்த்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மறைக்க இனி ஒன்றுமில்லை. "கண்ணு... நான்..."

"எனக்கு எப்பவோ தெரியும்மா. போன வருஷமே பீரோல இருந்த தத்துக் காகிதத்தைப் படிச்சுட்டேன். கேக் எதுக்குன்னும் புரிஞ்சுது. கேட்டா நீ அழுவியேன்னுதான் கேட்கலை."

மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "படம் இல்லைன்னு நீ கவலைப்படுவேன்னு, திங்கட்கிழமையே நெல்பா அத்தைகிட்டே போய் நானும் ஒண்ணு எடுத்துட்டேன். சுவத்துல இதைத்தான் ஒட்டப் போறேன்" என்று நோட்டுக்குள்ளிருந்து ஒரு படத்தை உருவிக் கொடுத்தாள்.

அதே தாதேயோ, அதே மஞ்சள் தொப்பி, அதே பொய்க் கீறல்கள். கீழே ஆரஞ்சு நிறத் தேதி மட்டும் வேறு: ஆகஸ்ட் 9.