கறார் தோற்ற ஆட்டம்

"அண்ணே, சும்மா பூச்சி காட்டாதீங்க. இவர்கிட்ட அது பலிக்காது" என்று காதோடு கிசுகிசுத்தான் வேன் டிரைவர்.

கறார் கேட்கவில்லை. கடைசிப் பத்து பட்டன்களையும் நடுவில் தள்ளினார். சலவைக்கூடத்தில் கறை எடுப்பவர் அவர். எதிலும் ஒழுங்கு பார்ப்பதால் வைத்த பட்டப்பெயர், சொந்தப் பெயரையே விழுங்கிவிட்டது.

எதிரே இஸ்திரிக்காரர். போக்கரில் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. கையில் குப்பை இருந்தாலும் "பார்த்துடலாம்" என்று கூடவே வருவார். அவரை வெறுங்கையோடு மிரட்டுவதும் சுவரோடு சண்டை போடுவதும் ஒன்றுதான்.

வழக்கமாக, சட்டைகளிலிருந்து உதிர்ந்த பட்டன்களுக்காகச் சும்மா ஆடும் ஆட்டம். இன்று அப்படியில்லை. காலையில் ஓட்டல்காரரின் நாற்பது வெள்ளை மேஜைவிரிப்புகள் ரோஸ் நிறத்தில் மெஷினிலிருந்து வெளியே வந்தன. உள்ளே யாரோ ஓசியில் துவைக்கப் போட்ட ஒரு சிவப்பு டவல்.

"டீ டைமுக்குள்ள ஒத்துக்கிட்டா நஷ்டம் ஒருத்தர் சம்பளத்தோட போகும். இல்லேன்னா மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம்" என்றுவிட்டார் முதலாளியம்மா.

மூவருமே 'நான் இல்லை' என்று சத்தியம் செய்தார்கள். கடைசியில், முதலில் பட்டன் தீர்ந்தவர் பழியை ஏற்பது என்று முடிவானது.

"பார்த்துடலாம்" என்றார் இஸ்திரிக்காரர்.

கறார் சீட்டைத் திருப்பினார். ஒரு ஜோடிகூட இல்லை. இஸ்திரிக்காரரிடம் மூன்றில் ஒரு ஜோடி இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"வாராவாரம் எங்களை மொட்டையடிக்கிற ஆளுண்ணே நீங்க! இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டான் டிரைவர்.

ஜெயித்த இஸ்திரிக்காரருக்கே முகம் தொங்கிப்போனது. "சொந்தத் துணியைப் போடாதீங்கன்னு தினம் எங்களைத் திட்டுறதே நீங்கதான். உங்க தலையிலயா விடியணும்?"

"ஆட்டம்னா ஆட்டம்தான்" என்று எழுந்தார் கறார். நேரே முதலாளியம்மாவின் கண்ணாடி அறைக்குப் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டார்.

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணாடி வழியா எல்லாத்தையும் பார்த்துட்டுதான் இருந்தேன். சீட்டுல தோத்தவர் எனக்கு வேணாம். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? போய், நிஜமா செஞ்சவனை அனுப்புங்க."

திரும்பிப் போய்விடலாம்தான். கறார் போகவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்க, அப்பாடா என்று மூச்சு வந்தது.

"டவல் என்னோடதும்மா. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு, அவங்க மூஞ்சியைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. அதான், எதையும் விடாத மனுஷனாப் பார்த்து பந்தயத்தை ஏத்தி ஏத்தி, வேணும்னே தோத்துட்டு வந்தேன்."