வேப்பங்குச்சி

சௌந்தர்யாவின் காதில் குச்சி இருந்தது.

வசந்தாமணி கண்ணுக்கு அது தப்புமா? ஞானஸ்நானத்துக்கு நிற்கிற பெண்களைத் தண்ணீரில் இறங்கும் முன் தடவிப் பார்த்து அனுப்புவது சபையில் அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. இடுப்பில் ஒரு சின்னக் கத்திரி செருகியிருப்பாள். கால் கறுப்புக்கயிறு, மந்திரித்த தாயத்து, எது அகப்பட்டாலும் கர்த்தருடைய நாமத்தில் ஒரே வெட்டு.

ராசிபுரத்துக்குத் தெற்கே, மரவள்ளிக் காட்டு நடுவில், சின்னண்ணன் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சபை கூடியிருந்தது. பாஸ்டர் மார்பளவு தண்ணீரில் நின்றார். கரையில் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

நகை போடுவது இந்தச் சபையில் பாவம். வசந்தாமணி அக்கா உலகத்தைத் துறந்தவள். அதை ஞாயிறு தவறாமல் சாட்சியாகச் சொல்லவும் சொல்வாள். ரட்சிக்கப்பட்ட புதிதில், தான் கழற்றிப் போட்டது பத்துப் பவுன் என்றாள். அப்புறம் அது இருபது ஆனது. இந்த வருசம் முப்பது. கழுத்தில் கிடக்கிற நகை தேயும் என்பார்கள். இவள் கழற்றிய நகையோ வருசா வருசம் குட்டி போட்டது.

வெள்ளைச் சேலை. காதோடு இழுத்துப் போட்ட முக்காடு. பூ கிடையாது, பவுடர் கிடையாது. பேஸ்ட்டும் பிரஷ்ஷும்கூட உலகத்தாருக்குத்தான். அவளுக்கு வாசல் வேம்பில் தினம் ஒரு கொப்பு. பஸ்ஸில் பட்டுச்சேலைக்காரி எவளாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், ஐயோ பாவம், நரகத்துக்குப் போகிறவள் என்று முகத்தைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"இதென்ன கோலம்?" என்று சௌந்தர்யாவின் காது மடலைப் பிடித்தாள்.

தோடு கழற்றிய ஓட்டை தூர்ந்துவிடாமல் குச்சி செருகி வைப்பது ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அதுதான் வசந்தாமணிக்கு ஆகாது. மறுபடி தோடு போடுகிற ஆசை இல்லாதவளுக்கு ஓட்டை எதற்கு?

"அம்மா வெச்சு உட்டதுங்க்கா. தோட்டைக் கழட்டுன அன்னிக்கு அழுதுட்டே வெச்சுது."

சௌந்தர்யா நூல்மில்லில் வேலை பார்க்கிற பெண். தண்ணீரில் முங்கி எழுந்தால் இந்த ஊட்டுப் படி மிதிக்காதே என்று அவள் அப்பன் சொன்னது சபைக்கே தெரியும். அதனால் மாற்றுத் துணியெல்லாம் ஒரு பையில் அடைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பை தொட்டி மேட்டில் இருந்தது. இங்கேயும் திருப்பி அனுப்பினால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

வசந்தாமணிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

"குச்சி இருக்கற வரைக்கும் மனசு நகைக்கடை வாசல்லதான் நிக்கும். இப்படியே எறங்குனா தண்ணிதான் அழுக்காவும். அடுத்த வருசம் பாக்கலாம், போ."

சௌந்தர்யா மேட்டுப் பக்கம் திரும்பினாள். பையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

வசந்தாமணி பிடுங்கினாள். எடுக்கவில்லை, பிடுங்கினாள். வலது காதில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. பெற்றவள் செருகிய இரண்டு குச்சியையும் மரவள்ளிக் காட்டுக்குள் வீசிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சாத்தானையே தூக்கி எறிந்த மாதிரி முகத்தில் அப்படியொரு பெருமிதம்!

பெண்பிள்ளைகளுக்குச் சேலை விலகாமல் பிடித்துக்கொள்ளத் தொட்டிக்குள் ஒருத்தி வேண்டும். அதுவும் அவள்தான். வேறு யாருக்கு அந்தப் பரிசுத்தம் உண்டு?

பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லிச் சௌந்தர்யாவை முக்கி எடுத்தார்.

அடியில் பாசி வழுக்கியது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஏறித் திணறியவள், கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். வசந்தாமணியின் முக்காடு கையோடு வந்துவிட்டது.

கரையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அல்லேலூயா சொன்னார்கள். பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது சௌந்தர்யா மட்டும்தான்.

வசந்தாமணியின் இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. இன்னும் பச்சை மாறவில்லை. அன்று காலையில் ஒடித்தது.

வசந்தாமணி அவள் வாயையே பார்த்தாள். இந்தக் கழுதை இப்போது வாயைத் திறக்கும். ஒரே ஒரு வார்த்தை போதும். முப்பது பவுனும் சபை நடுவில் கரைந்துபோகும்.

சௌந்தர்யா கையோடு வந்த ஈர முந்தானையைத் தூக்கி வசந்தாமணியின் தலைமேல் போட்டாள். இரண்டு காதையும் மறைத்து இழுத்து, நுனியைக் கழுத்தடியில் செருகிவிட்டாள். சௌந்தர்யாவின் காது ரத்தம் தண்ணீரோடு கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"ஆரும் பாக்கலைங்க்கா" என்றாள், மெல்ல.

வசந்தாமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முக்காட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, வரிசையில் அடுத்து நின்றவளிடம் போனாள்.

"எங்கெ, காதைக் காட்டு."