ஒரு வாளிப் புழு

பூச்சிமருந்துக் கடைக்காரருக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவர் கடையில் ஒரு பாட்டில் மருந்துகூட வாங்காமல் மச்சினி தக்காளி போட்டிருந்தாள். புழுவுக்கு நோய் தரும் நுண்ணுயிரைத் தெளித்தே புழுவை ஒழிப்பாளாம்! பத்து நாளில் விவசாயிகள் சங்கம் அவள் தோட்டத்தைப் பார்க்க வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இவர் கடைக்குப் பூட்டுதான்.

"புழுவுக்குக் காய்ச்சல் வரவைக்கப் போறாளாம் உன் தங்கச்சி. பெரிய டாக்டரு!"

"அந்த நுண்ணுயிர் தீர்ந்துபோச்சாம். பாவம், எங்கேயும் கிடைக்காம அலையுறா" என்றாள் மனைவி.

அவர் காதில் தேன் பாய்ந்தது.

மறுநாள் வாளியோடு தன் தோட்டத்துக்குப் போனார். அவர் விற்கும் மருந்துக்கே அடங்காத புழுக்கள் அங்கே ஏராளம். குனிந்து பழக்கமில்லாத உடம்பு, தொப்பை வேறு. செடி உச்சியில் அசையாமல் கிடந்தவற்றை மட்டும் நின்றபடியே பறித்துப் போட்டார்.

"தின்னு தின்னு அசந்து கிடக்குதுங்க" என்று மெச்சிக்கொண்டார் மகானுபாவர்.

மச்சினி சாப்பிடப் போன நேரம் பார்த்து வாளியை அவள் தோட்டத்தில் கவிழ்த்தார். பக்கத்தில் யாரோ இருமினார்கள். அந்த வீரர் வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டமெடுத்தார்.

பத்தாம் நாள், சங்கத்தார் பாழான தோட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே தன்னிடம்தான் ஓடிவருவார்கள் என்று பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக் காத்திருந்தார். வந்தது மச்சினி. கையில் அவர் கடைப்பெயர் எழுதிய அதே வாளி.

அவர் துடைத்துக்கொண்டிருந்த பாட்டிலை வைத்துவிட்டுக் கைகூப்பினார். "போலீஸுக்கெல்லாம் போயிடாதம்மா..."

"எதுக்கு அத்தான் போலீஸ்? சங்கத்துக்காரங்ககிட்ட உங்களைப் பாராட்டிட்டுல்ல வர்றேன்!" வாளியை மேஜைமேல் வைத்தாள். "நோய் வந்த புழுதான் செடி உச்சிக்கு ஏறிச் சாகும். அதை அரைச்சு வடிகட்டித் தெளிச்சா மத்த புழுவும் நோய் வந்து செத்துடும். நான் தேடி அலைஞ்ச நுண்ணுயிரே அந்தப் புழுவுக்குள்ளதான் இருக்கு. நீங்க வாளியோட கொண்டுவந்து கொட்டிட்டீங்க. இப்போ என் தோட்டத்துல மருந்துக்குக்கூட ஒரு புழு இல்ல. சங்கமே இனிமே இதைத்தான் தெளிக்கப் போகுதாம்."

"நான் நல்லாக் கொழுத்த புழுன்னுல்ல நினைச்சு..." என்று உளறிக் கொட்டினார்.

"நல்ல புழு கீழே காய்க்குள்ள இருக்கும். அதை எடுக்கக் குனியணுமே, அத்தான்!"