பின் சக்கரத்தில் ஒழுக்கு

ஓரினும் அவர் மனைவி வெர்னாவும் அரிசோனா பாலைவன முகாமில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருந்த, வீடு போல அமைத்த மோட்டார் வண்டிக்கு விலை பேசியாகிவிட்டது. சனிக்கிழமை எடுத்துப்போக ஆள் வருகிறான். அதற்குள் பின் சக்கரம் இரண்டிலும் ஆயில் ஒழுகி பிரேக் பிடிக்காமல் போயிற்று. ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான சீல்களைப் புதிதாக வாங்கி ஓரினே மாட்டினார். மறுநாளே மறுபடி ஒழுகியது.

“உன் முட்டி வலிக்கு இந்தப் படி ஏறி இறங்குறது ஆகாது. வித்துட்டா நிம்மதி,” என்றார் ஓரின்.

“நீ சொன்னா சரிதான்,” என்றாள் வெர்னா, வண்டிக் கதவைத் தடவியபடி.

பக்கத்து வண்டி மெக்கானிக் ஹாலிஸ் சக்கரங்களைக் கழற்றி, இடது பக்க சீல் வளையத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தான்.

“இது தானா கிழியல ஓரின். மாட்டுறதுக்கு முன்னாடியே யாரோ பிளேடால கீறியிருக்காங்க.”

வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாரு செஞ்சிருப்பா?” என்று கேட்டார் ஓரின்.

“உங்க வீட்டுலதான் விசாரிக்கணும். வலது பக்கமும் இதே கதைதான். அதை ஸ்க்ரூ டிரைவரால குத்தியிருக்காங்க.”

வெர்னா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் கீறியது ஒரு சீலில் மட்டும்தான்; அந்த வண்டியில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஓரின் அவள் முகத்தைப் பார்க்காமல், சுத்தமாக இருந்த கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.